கண்ணாடிக் கழுத்து

அந்த அக்கா எந்தப் பொருளையும் நேருக்கு நேர் பார்த்து நான் கண்டதில்லை. தலையைத் தோள் பக்கம் சாய்ப்பார். ஒரு கண்ணைச் சுருக்குவார். விளக்கு எங்கே இருக்கிறதென்று பார்த்து, அதன் வெளிச்சம் பொருளின் மேல் வழுக்கிக்கொண்டு போகிற கோணத்துக்குத் தன் உடம்பை நகர்த்திக்கொள்வார். புதிதாக வாங்கிய பிரிட்ஜானாலும் சரி, கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, தட்டில் வைத்த தோசையானாலும் சரி, முதலில் அந்தச் சாய்வு. பேச்சு அதற்குப் பிறகுதான்.

கூடுவாஞ்சேரியில் எங்களுக்கு எதிர் வீட்டில் அவரும் அவருடைய தம்பியும் குடியிருந்தார்கள். குடியிருப்பில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் அக்காதான். என்னைவிட இளையவர், நானும் அப்படித்தான் அழைத்தேன். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அப்பால் ஒரு கார் தொழிற்சாலையில், பெயின்ட் பிரிவில் வேலை. பெயின்ட் அடிக்கிற வேலை அல்ல, அடித்ததைப் பார்க்கிற வேலை. இரண்டு பக்கமும் ட்யூப் லைட் வரிசை. நடுவில் கார்கள் நகர்ந்துகொண்டே வரும். தூசி ஒட்டியிருக்கிறதா, பெயின்ட் வழிந்திருக்கிறதா, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் டேப்பை ஒட்டி அனுப்ப வேண்டும்.

"வண்டி நிக்காது சார்," என்று ஒருமுறை சொன்னார். "நகந்துகினே இருக்கும். என்னத் தாண்டுறதுக்குள்ள பாத்துடணும். வுட்டுட்டேன்னு வைங்க, யாரோ ஒருத்தர் வூட்டு வாசல்ல போயி நிக்கும், தப்போட. அவங்க பாக்கவே மாட்டாங்க. ஆனா எனக்குத் தெரியும் இல்ல?"

அந்த வேகம் வேலை முடிந்த பிறகும் அவரை விட்டு இறங்கவில்லை. உட்கார்ந்து ஒரு காபியை முழுதாகக் குடித்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்தபோது பார்க்க வந்தவர், நின்றபடியே கூடத்தைச் சுற்றி வந்தார். கைப்பையிலிருந்து டேப் சுருள் வெளியே வந்தது. நான்கைந்து இடங்களில் ஒட்டிவிட்டார்.

"என்னக்கா, சுவத்துக்குப் பொட்டு வச்சிட்டீங்க?" என்றாள் என் மனைவி.

"இரும்மா, ஜன்னலாண்ட இன்னும் ரெண்டு எடம் கீது."

சிங்கப்பெருமாள் கோயில் மேம்பாலத்தின் அடியில் ஒரு ஷேர் ஆட்டோவில் நாங்கள் இருவரும் ஏறிய நாளும் நினைவிருக்கிறது. ஆடி மாதம், காற்றில் புழுதி பறந்துகொண்டிருந்தது. அக்கா உட்காருவதற்கு முன் ஆட்டோவின் முகப்பைச் சாய்ந்து பார்த்தார்.

"முன்னாடி மட்டும் திரும்ப அடிச்சிருக்கியே, எங்கயாவது மோதிட்டியா?"

"ஏம்மா, நீ இன்னா ஆர்டிஓவா?" என்றார் டிரைவர். "குந்துறதுன்னா குந்து. என் பொண்டாட்டிக்கே தெரியாத மேட்டர இங்க வந்து ஏலம் போட்டுகினு இருக்க!"

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் இறங்கும்வரை அந்த முகப்பைப் பற்றியே பேசினார். கலர் சரியாகச் சேரவில்லையாம், இரண்டு பங்கு வெள்ளை கூடிவிட்டதாம்.

இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கை. தம்பிக்கு அப்படி இல்லை. அவன் ஒரு கூரியர் கிடங்கில் வேலை பார்த்தான். அப்பா அம்மா இருவரும் இல்லை. இவனை வளர்த்தது அக்காதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிட்டார் வாசிப்பான். கிட்டார் சர்ச்சுடையது, வார நாட்களில் வீட்டுக்குக் கொண்டுவந்து பழக அனுமதி இருந்தது. மாலையில் எங்கள் கூடம்வரை கேட்கும். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவன் தனியாக ஒரு பகுதி வாசித்தான். நானும் போயிருந்தேன். முடிந்ததும் சபைப் போதகர் வந்து தோளைத் தட்டினார். ஆட்கள் கையைக் குலுக்கினார்கள். வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னார்: "ரெண்டாவது சரணம் முடியுற எடத்துல வெரல் வழுக்கிச்சே, கவனிச்சியா?"

தம்பி தலையாட்டினான். அதன் பிறகு அவன் கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. சர்ச்சிலேயே பழகினான், சர்ச்சிலேயே வைத்துவிட்டு வந்தான். அக்கா வருகிற ஆராதனைகளில் கடைசிப் பாட்டுக்கு முன்பே தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விடுவான். ஒருநாள் ரயிலில் போகும்போது நான் இதைப் பற்றி அவனிடம் கேட்டேன்.

"அவங்க சொன்னது கரெக்ட்டு சார்," என்றான். "வழுக்கத்தான் செஞ்சிது. அதான் பேஜாரு. தப்பா சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன்."

அடுத்த மழைக்காலத்தில் அக்கா எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று செய்யத் தொடங்கினார். புரட்டாசி என்று என் மனைவி சொல்வாள். ஐப்பசிதான், முதல் மழையில் மொட்டை மாடியில் தண்ணீர் நின்ற வாரம். செங்கல்பட்டில் ஒரு மரக்கடையில் மலைவேம்புப் பலகையைத் தம்பியின் கைபேசியில் இருந்த படத்தின்படி அறுத்து வாங்கிவந்தார். விரல் வைக்கும் இடங்களைப் பிரிக்கிற ஃபிரெட் கம்பிகள் அடித்த கழுத்து தனியாக வந்தது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்கள், குமிழ்கள், கம்பியை முறுக்கும் சாவிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று கேட்டேன்.

"கடையில வாங்குனா அதுல தப்பு இருக்கும் சார்," என்றார்.

என் மனைவி அன்று இரவு சொன்னாள்: "அவங்களுக்குத் தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கத் தெரியல. அதான் மரத்தத் தேய்க்கிறாங்க." அவள் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. அந்தக் கிட்டாரை அவன் வீட்டில் வைத்து வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் அக்காவுக்கு வேண்டியிருந்தது. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார்.

பலகையை உப்புத்தாளால் தேய்க்கும் சத்தம் எதிர் வீட்டிலிருந்து நாள்தோறும் வந்தது. முரட்டுத்தாள், அப்புறம் நைஸ், அப்புறம் அதைவிட நைஸ். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவார், தாளை எடுப்பார். வீட்டின் குளியலறைதான் பெயின்ட் அடிக்கும் அறை. தூசி எழாமலிருக்கத் தரையில் தண்ணீர் ஊற்றி, துணி காயப்போடும் கம்பியில் பலகையைத் தொங்கவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு ஸ்ப்ரே அடிப்பார். அன்றைக்குத் தம்பி எங்கள் வீட்டுக்குத் துண்டோடு குளிக்க வருவான். தின்னர் வாசனை எங்கள் சாம்பார்வரை வரும்.

நிறம் நல்ல கருநீலம். அதன் மேல் பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் பூச்சு அடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்று உள்ளே புகுந்து, மறுநாள் பார்த்தால் நீலத்தின் மேல் பாலாடை படர்ந்த மாதிரி வெளுத்திருந்தது. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தார். கார்த்திகையில் மறுபடி அடித்தபோது காயாத கிளியரில் ஒரு கொசு வந்து உட்கார்ந்து அங்கேயே செத்துப்போனது.

"ஃபேக்டரில கொசு உள்ளயே வர முடியாது சார்," என்றார், ஏதோ கொசு விதியை மீறிவிட்ட மாதிரி. மறுபடி மரம்வரை தேய்த்தார்.

பழைய வயலின் பட்டறைகளில் வார்னிஷ் காய்வதற்காக வெயில் காலம்வரை காத்திருப்பார்கள் என்று எங்கோ படித்ததை அவரிடம் சொன்னேன்.

"அவங்களுக்கெல்லாம் தம்பி இல்ல போல," என்றார்.

மூன்றாம் முறை மார்கழி கடைசியில் அடித்தார். கையில் தாளோடு எங்கள் வாசலில் வந்து நின்று, "இந்தத் தடவ பாருங்க சார், மூஞ்சி தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனார். காலண்டரைத்தான் பார்க்கவில்லை. மறுநாள் போகி. விடிவதற்குள் தெருவில் டயரும் பாயும் எரியத் தொடங்க, குளியலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள் வழியாகப் புகை உள்ளே போனது. நான் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தபோது, கருநீலத்தின் மேல் மிளகுத்தூள் தூவியது போலக் கரி. அக்கா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம்.

தம்பி பின்னால் நின்றான். "அக்கா, தெரியாதுக்கா. தூரத்துல இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது. அப்டியே வுடு."

"எனக்குத் தெரியும் இல்ல?"

"உனக்குத் தெரியாதது எதுனா கீதா?" என்றான் அவன், சட்டையை மாட்டிக்கொண்டே. கதவு சாத்தும் சத்தம் கீழ்த்தளம்வரை கேட்டிருக்கும்.

தை பாதியில் அவசரம் வேறு விதமாக வந்தது. மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டிய ஓர் உணவகத்துக்குத் தம்பி நண்பனோடு போயிருந்தான். நண்பனின் கிட்டாரில் அங்கே ஒரு பாட்டு வாசித்துக் காட்டியிருக்கிறான். முதலாளிக்குப் பிடித்துவிட்டது. மாசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து வாசி, ஜனங்களுக்குப் பிடித்தால் எல்லாச் சனிக்கிழமையும் உனக்குத்தான், சொந்தக் கிட்டாரோடு வா என்று சொல்லிவிட்டார். சர்ச் கிட்டாரை அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் கொண்டுபோக முடியாது. கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவனுக்கு முதல்முறையாக வேறொரு கதவு திறந்திருந்தது.

அக்கா தொழிற்சாலையில் விடுப்புப் போட்டார். கரி பிடித்ததைத் தேய்த்து எடுத்துவிட்டு நாலாம் முறை அடித்தார்; தை வெயிலில் கிளியர் நன்றாகக் காய்ந்தது. பலகைக்கு மட்டுமல்ல, கழுத்தின் பின்பக்கத்துக்கும் அடித்தார்; ஒன்றின் மேல் ஒன்றாக, சோப்புத் தண்ணீரில் நனைத்த தாளால் தேய்த்துத் தேய்த்து, பாலிஷ் போட்டு, பஞ்சால் துடைத்தார். முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கழுத்தின் முதுகில் ட்யூப் லைட் ஒரு நேர்க்கோடாக விழுந்திருந்தது. கோடு எங்கும் நெளியவில்லை. அதில் என் மூக்கு தெரிந்தது.

"கோடு ஒடையக் கூடாது சார். அதான் கணக்கு. எங்கயாவது ஒடைஞ்சா அங்க மேடோ பள்ளமோ கீதுன்னு அர்த்தம்."

சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்து அதன்மேல் சேர்த்தார். கழுத்தைப் பலகையின் பள்ளத்தில் பொருத்தி முடுக்கினார். காந்தச் சுருள்களிலிருந்து குமிழ்களுக்கு ஒயரை இழுத்துப் பற்றவைத்தார். சின்ன ஒலிபெருக்கியில் மாட்டியதும் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். கம்பிகள் உட்காருகிற உலோகத் தகட்டுக்குப் போகவேண்டிய ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்ததும் இரைச்சல் நின்றது. அமைதியான வீட்டில் தம்பியைக் கூப்பிட்டார்.

அவன் வந்து மடியில் வைத்துக்கொண்டான். மின்விசிறி சுற்றியது. ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகச் சுண்டினான். சுருதி பார்த்தான். நானும் அக்காவும் காத்திருந்தோம்.

"சரியா கீதுக்கா," என்றான். எழுந்து கிட்டாரைச் சுவரில் சாய்த்துவைத்தான்.

"எதுனா வாசியேன்டா."

"அங்க வாசிக்கிறேன்க்கா. இப்ப டயர்டா கீது."

அக்கா போர்வையை உதறி மடித்தார். மடித்ததைப் பிரித்து இன்னொரு தடவை மடித்தார்.

அந்தச் சனிக்கிழமை என் காரில்தான் போனோம். செங்கல்பட்டில் ஏரியைத் தாண்டி, திருக்கழுக்குன்றம் வழி. தம்பி முன்னால், பின்னால் அக்கா, மடியில் கிட்டார். நான் முன் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அக்கா அதை ஜன்னல் வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் ஓரமா நிறுத்துறீங்களா? இங்க ஒண்ணு தெரியுது."

"நிறுத்தாதீங்க சார்," என்றான் தம்பி.

துணியால் துடைத்ததும் அந்த ஒன்று போய்விட்டது. விரல் ரேகை.

உணவகம் திறந்தவெளி. மணலில் மேசைகள், ஒரு மூலையில் பலகை மேடை. வெயில் தாழவில்லை. முதலாளி முண்டா பனியனோடு நின்று, "ஆரம்பிப்பா, சவுண்ட் எப்டி வருதுன்னு பாப்பம்," என்றார். தம்பி ஆரம்பித்தான். கடலிலிருந்து வந்த காற்று உப்பும் ஈரமுமாக இருந்தது. நாற்காலியின் கை பிசுபிசுத்தது. கொஞ்ச நேரத்திலேயே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மேலிருந்து கீழே ஓடவேண்டிய இடங்களில் அவன் கை தயங்கியது, பிந்தியது. பாதியில் நிறுத்தி ஆரம்பித்தான். மறுபடி நிறுத்தினான்.

"இன்னாப்பா, அன்னிக்கு நல்லா வாசிச்ச?" என்றார் முதலாளி. "ஆறு மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க. பாத்துக்க." உள்ளே போய்விட்டார்.

தம்பி பையிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்து இடது உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துக்கொண்டான். அக்கா எழுந்து போனார்.

"கையில இன்னாடா பவுடரு?"

"ஒண்ணுமில்லக்கா. வேர்க்குது."

அவர் கிட்டாரை வாங்கி, வெயிலுக்குச் சாய்த்து, தலையிலிருந்து அடிவரை பார்த்தார். "ஒரு தப்பும் இல்லியே."

"தப்பு இல்லக்கா. அதான்."

"அதான் இன்னா? சொல்லித் தொலையேன்டா."

"கை ஒட்டுதுக்கா!" என்றான். "கழுத்து பின்னாடி. மேல போவ மாட்டேங்குது, கீழ வர மாட்டேங்குது. கண்ணாடி மாரி பண்ணி வச்சிருக்க. காருக்குப் பண்ற மாரி. காரை யாருக்கா தடவிகினே ஓட்டுறாங்க?"

அக்கா கழுத்தைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். மெல்ல நகர்த்தினார். கை விட்டு விட்டு, கீச்சென்று நகர்ந்தது.

"வூட்லயே ஏன்டா சொல்லல?"

"வூட்ல நான் எங்கக்கா வாசிச்சேன்?"

அக்கா கிட்டாரோடு திரும்பி விறுவிறுவென்று சமையற்கட்டுப் பக்கம் போனார். தம்பி என்னைப் பார்த்தான். அவர் கோபத்தில் போட்டு உடைத்துவிடுவார் என்று பயந்தது அவன் முகத்தில் தெரிந்தது. பின்னாலேயே ஓடினோம்.

பாத்திரம் கழுவும் இடத்தில், கவிழ்த்துப் போட்ட மீன் கூடையின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். பாத்திரம் தேய்க்கிற பெண்ணிடம் புதிதாக ஒரு பச்சை நார் கேட்டு வாங்கியிருந்தார். மடியில் கிட்டாரைக் குப்புறப் போட்டுக்கொண்டு, கம்பிகள் ஓடுகிற நீளவாக்கிலேயே, கழுத்தின் முதுகை அந்த நாரால் தேய்த்தார். பளபளப்பு முதல் இழுப்பிலேயே போனது. அவ்வளவு மாதம் பாடுபட்டுக் கொண்டுவந்த அந்த நேர்க்கோடு சாம்பல் நிறமாக மங்கியது.

"குடுக்கா, நான் தேக்கிறேன்."

"நீ தேச்சா சமமா வராது."

தேய்க்கும்போது அவர் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவ்வப்போது கட்டைவிரலை வைத்து ஓட்டிப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். பாத்திரம் கழுவும் பெண் குழாயை மூடிவிட்டு, "ஐயோ, புதுசும்மா அது," என்றாள்.

"புடிச்சுப் பாரு," என்று தம்பியிடம் நீட்டினார்.

அவன் பிடித்தான். "கீழ ஓடுது. மேல இன்னும் கொஞ்சம்."

தேய்த்தார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

கை மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக ஓடியது. "ஆங்," என்றான். மறுபடி ஓட்டினான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. "ஆங், அக்கா!"

ஆறு மணிக்கு மேசைகள் நிறைந்தன. சென்னையிலிருந்து வந்த குடும்பங்கள், கல்லூரிப் பிள்ளைகள், வெளிநாட்டுக்காரர்கள் சிலர். நானும் அக்காவும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். தம்பி மேடையேறினான். முதல் பாட்டு, சர்ச்சில் நான் கேட்டதைவிட நன்றாக வந்தது. கை எங்கும் தயங்கவில்லை. பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. சமையற்கட்டு வாசலில் முதலாளி துண்டால் கையைத் துடைத்தபடி நின்று கேட்டார். அக்காவுக்கு ஒரு எலுமிச்சை சோடா வந்தது; அவர் தொடவில்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்திருந்தார்.

இரண்டாவது பாட்டு வேகமானது. அது ஆரம்பித்த கையோடு அக்கா எழுந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"இங்க ஒக்காந்தா எனக்குத் தப்பு மட்டுந்தான் கேக்கும் சார்," என்றார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "நான் போறேன். நீங்க கேளுங்க."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கிக் கடலைப் பார்க்க நடந்தார். மேடையிலிருந்து தம்பி பார்த்தான். ஒரு கணம் விரல் நின்றது. ஒரு ஸ்வரம் தவறிப்போனது. எனக்கே கேட்டது. அவன் கண் அக்காவின் முதுகிலேயே இருந்தது. அவர் திரும்பவில்லை. அவன் அடுத்த அடியில் பாட்டைப் பிடித்துக்கொண்டான்.

நாலாவது பாட்டு முடிந்ததும் கைதட்டல். முதலாளி மேடைக்குப் போய் அவன் காதில் ஏதோ சொல்லி, தோளை அழுத்திவிட்டு வந்தார். தம்பி கிட்டார் தோளிலேயே தொங்க, என்னிடம் வந்தான். முகமெல்லாம் வேர்வை.

"சனிக்கிழம சனிக்கிழம வரச் சொல்லிட்டாரு சார். அக்கா எங்க?"

கையைக் காட்டினேன். வெகு தூரத்தில், ஈர மணலில், அலை வந்து காலை நனைக்கிற இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். நிற்கவில்லை, சரியாகச் சொன்னால். நாலடி அந்தப் பக்கம், நாலடி இந்தப் பக்கம். அந்த இரைச்சலில் அங்கே எதுவும் கேட்டிருக்காது.

"கூப்பிடட்டுமா?" என்றேன்.

அவன் முகத்து வேர்வையைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

"வேணாம் சார். அங்கயே நிக்கட்டும். இன்னும் மூணு பாட்டு கீது."

மேடைக்குத் திரும்பினான். கம்பிகளை ஒரு முறை சரிபார்த்தான். கடல் பக்கம் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஒலியைக் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருப்பினான்.